கருவேலத்தை வெட்டியாச்சு, அப்புறம்?

எங்கள் பக்கத்து ஊர்க் கண்மாய் ஒன்றில் சில வருஷங்களுக்கு முன் சீமைக் கருவேலத்தை ஏலம் விட்டார்கள். ஏலம் எடுத்தவர் ஆள் வைத்து வெட்டினார், விறகுக்கு ஆகிற கட்டையை லாரியில் ஏற்றினார், போய்விட்டார். கண்மாய் பளிச்சென்று இருந்தது, எல்லோரும் படம் எடுத்துக்கொண்டோம். ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்து போய்ப் பார்த்தால் ஒவ்வொரு அடிக்கட்டையிலும் கொத்துக் கொத்தாகக் கொழுந்து. அடுத்த வருஷம் ஆள் நுழைய முடியாத புதர். முன்னாடியாவது மரமாக நின்றது, அடியில் குனிந்து போகலாம்.

ஏலம் எடுத்தவரைத் திட்டிப் பிரயோசனமில்லை. அவருக்கு வேண்டியது விறகு, வேர் அல்ல. வேர்க்கட்டையையும் எடுக்க வேண்டும் என்று ஏலத்திலேயே எழுதாததுதான் தவறு. இந்த மரத்தைத் தரையோடு வெட்டுவது முருங்கையைக் கவாத்துப் பண்ணுகிற மாதிரிதான். துளிர்க்கிற மொட்டுகள் தண்டும் வேரும் சேருகிற கழுத்தில், மண்ணுக்குக் கொஞ்சம் கீழே இருக்கின்றன. ஓர் அடியாவது தோண்டி அந்தக் கழுத்தோடு எடுத்தால்தான் மரம் சாகும். ஆழத்தில் ஓடும் வேரையெல்லாம் துரத்திக்கொண்டு போக வேண்டியதில்லை.

வெட்டுவதற்கு முன்பே நடக்கிற தவறு ஒன்று உண்டு, எனக்கு அதிகம் வயிற்றெரிச்சல் தருவது அதுதான். 2017-இல் சீமைக் கருவேலத்தை அகற்றச் சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை போட்ட உத்தரவுக்குப் பிறகு ஊர் ஊராக வெட்டினார்கள் இல்லையா, அப்போது முள் இருக்கிற எதையும் விடாமல் சாய்த்த இடங்கள் உண்டு. நம்முடைய கருவேலமும் போனது, வெள்வேலும் போனது. அடையாளம் கண்டுபிடிப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. நாட்டுக் கருவேலத்துக்கு உருண்டையான மஞ்சள் பூ, காய் மணி கோத்த மாதிரி இடையிடையே இறுகி இருக்கும், பட்டை கறுத்து வெடித்திருக்கும். சீமைக் கருவேலத்தின் பூ வெளிர்மஞ்சளாக, அணில் வாலைச் சின்னதாக்கித் தொங்கவிட்ட மாதிரி நீளமாக இருக்கும். காய் தட்டை, கொஞ்சம் வளைவு, பழுத்தால் மஞ்சள். பூவும் காயும் இல்லாத காலத்தில் சந்தேகம் வந்தால் ஊரில் ஆடு மேய்க்கிறவரைக் கேட்டால் போதும். கருவேலத் தழை என்றால் ஆடு எட்டிப் பறிக்கும், சீமைக் கருவேலத் தழையை அனேகமாக அப்படியே விட்டுவிடும். விருத்தாசலம் கோயிலில் தல விருட்சமாக இருக்கிற வன்னி இதே சீமைக் கருவேலத்துக்கு நெருங்கிய சொந்தம் என்பதையும் சொல்லி வைக்கிறேன், சொந்தம் என்பதற்காக அதையும் வெட்டிவிடாதீர்கள்.

சீமைக் கருவேலத்தின் தழையைத் தொடாத ஆடுமாடு காயை மட்டும் விரும்பித் தின்னும், இனிப்பாக இருக்கும். விதை குடல் வழியாகக் கெடாமல் போய்ச் சாணத்தோடு விழுகிறது, மேலோடு கொஞ்சம் இளகியிருப்பதால் முளைப்பதும் சுலபம். அந்தச் சாணத்தைத்தான் குப்பையில் சேர்த்து எருவாக வயலுக்கு அடிக்கிறோம். அதாவது கண்மாயில் வெட்டுகிற மரத்தை நாமே வண்டி கட்டிக் கொண்டுபோய் வயலில் விதைக்கிறோம். ஆகவே காய் பழுத்து உதிர்ந்த பிறகு வெட்டுவது, காயோடு இருக்கிற கிளைகளை ஜேசிபியால் மண்ணோடு சேர்த்துத் தள்ளிக் கரையில் குவித்து வைப்பது, இரண்டும் வீண் வேலை. அந்தக் குவியல் ஒரு நாற்றங்கால்.

இந்த மரத்தைப் பற்றி வாட்ஸ்அப்பில் சுற்றுகிற கதைகளையும் விட்டுவிடலாம். ஆக்ஸிஜனே வெளியிடாது, காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சி மழையை விரட்டும், நிழலில் கட்டிய மாடு மலடாகும் என்றெல்லாம். பச்சை இலை உள்ள எந்த மரமும் செய்கிற வேலையைத்தான் இதுவும் செய்கிறது. அதன் உண்மையான குற்றங்களே போதும்: ஆழ வேர்விட்டு நிலத்தடி நீரை எடுக்கிறது, அடியில் வேறு செடிகளை வளரவிடுவதில்லை, வரத்துக் கால்வாயை அடைக்கிறது. பொய்யைச் சேர்த்துச் சொன்னால், அது பொய் என்று தெரிகிற அன்றைக்கு உண்மையையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

வெளிநாட்டுச் செடி என்றாலே எதிரி என்று நினைப்பதும் அப்படித்தான். மிளகாய் அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துக்கீசியர் வழியே வந்தது. தக்காளி, நிலக்கடலை, மரவள்ளி, முந்திரி எல்லாமே அந்தப் பக்கம்தான். அட, புளியமரத்துக்கே பூர்வீகம் ஆப்பிரிக்கா. இவை எதுவும் காட்டை விழுங்கவில்லை. உயிர்ப்பன்மை பற்றிய ஐபிபிஇஎஸ் என்கிற சர்வதேச அமைப்பு 2023-இல் தந்த கணக்குப்படி, உலகம் முழுக்கப் புது இடத்தில் வேரூன்றிய அயல் தாவரங்களில் சுமார் 6 சதவீதம்தான் ஆக்கிரமிப்பு வகை. அந்த ஆறைத் தேடிப் பிடிக்கத்தான் கண் வேண்டும்.

செடிக்குச் செடி வைத்தியம் மாறும் என்பதை மறப்பது இன்னொரு தவறு. வாய்க்காலில் நிற்கிற நெய்வேலிக் காட்டாமணக்கை (பெயர்தான் நெய்வேலி, ஊர் தென்னமெரிக்கா) வெட்டிக் கரையிலேயே போட்டால் துண்டு துண்டாக வேர்விடும். காட்டில் உண்ணிச்செடியை (லண்டானா) வெட்டி ஈரத்தரையில் சாய்த்தாலும் அதே கதை. டெல்லிப் பல்கலைக்கழகத்தின் சி. ஆர். பாபு குழுவினர் பரப்பிய முறையில் ஆணிவேரைக் கழுத்துக்குக் கீழே வெட்டி, புதரைத் தூக்கித் தலைகீழாக வைத்துவிடுவார்கள், வேர் வானம் பார்த்துக் காயும். பார்த்தீனியத்தைப் பூக்கும் முன்னே, கையுறை போட்டுக்கொண்டு பிடுங்க வேண்டும். ஆகாயத்தாமரை விஷயத்தில் சாக்கடையை ஏரிக்குள் விட்டுக்கொண்டே செடியை அள்ளுகிறோம், சோறு போட்டுக்கொண்டே பட்டினி போடுகிற கதை. அள்ளியதைக் கரை ஓரத்திலேயே கொட்டினால் அடுத்த மழையில் திரும்ப உள்ளே.

செடியைத் தின்கிற பூச்சியை விட்டால் தீராதா என்று கேட்பார்கள். தீர்ந்ததும் உண்டு. 1795-இல் சிவப்புச் சாயத்துக்காக ஒரு பூச்சியை இந்தியாவுக்குக் கொண்டுவர நினைத்தவர்கள் இனம் மாறி வேறொன்றைக் கொண்டுவந்துவிட்டார்கள், சாயம் கிடைக்கவில்லை, ஆனால் அது ஒரு வகைச் சப்பாத்திக் கள்ளியைத் தின்று தீர்த்தது. 1836 வாக்கில் தென்னிந்தியாவுக்கும் தெரிந்தே கொண்டுவந்து விட்டார்கள். உண்ணிச்செடிக்கும் 1941-இல் ஒரு பூச்சி வந்தது. உண்ணிச்செடி இன்றைக்கும் முதுமலையில் செழிப்பாக நிற்கிறது.

சரி, எடுத்தாச்சு. காலி இடத்தை என்ன செய்வது? இங்கேதான் பெரிய சறுக்கல். வெறும் மண்ணைப் பார்த்ததும் சீக்கிரம் பச்சையாக்க வேண்டும் என்ற அவசரத்தில் கோனோகார்பஸ் மாதிரி இன்னொரு அயல் மரத்தை நடுகிறவர்கள் இருக்கிறார்கள். குஜராத் 2023-இலேயே அதற்குத் தடை போட்டது. கண்மாய் உள்வாய் என்றால் மரமே தேவையில்லை, தண்ணீர் நிற்கட்டும். மேட்டு நிலம் என்றால் முதலில் புல்.

மலையில் இன்னும் கவனம் வேண்டும். நீலகிரியிலும் பழனி மலையிலும் சோலைக்குப் பக்கத்தில் இருக்கிற புல்வெளி, மரம் இல்லாமல் போன காடு அல்ல. அது புல்வெளியாகவே இருந்தது, வரையாடும் குறிஞ்சியும் வாழ்கிற இடம். சும்மா கிடக்கிற நிலம் என்று நினைத்து வாட்டில், பைன் என்ற அயல் மரங்களை நட்டதன் பலனைத்தான் இப்போது அனுபவிக்கிறோம். விதைப்பந்தோடு சுற்றுலா போகிற நண்பர்களே, தயவுசெய்து அதை அங்கே வீசாதீர்கள். அதே சமயம் பழைய வாட்டில் தோப்புகளின் நிழலில் சோலை மரக் கன்றுகள் தானாக முளைத்து நிற்பதும் உண்டு, அங்கே ஒரே மூச்சில் மொட்டையடித்தால் கன்றுகளும் சேர்ந்து போகும்.

ஒரே மூச்சில் என்பது கீழே சமவெளியிலும் ஆகாது. ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் பக்கம் சீமைக் கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கிற குடும்பங்கள் எத்தனையோ. 1877-இல் மெட்ராஸ் மாகாணத்துக்கு வந்த மரம், விறகுத் தட்டுப்பாடு தீரட்டும் என்று அரசே பரப்பிய மரம். அது ஒரே நாளில் போனால் அடுப்புக்கு எந்த மரத்தை வெட்டுவார்கள் என்றும் யோசிக்க வேண்டும். பகுதி பகுதியாக எடுப்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது, நீர்நிலையும் வரத்துக் கால்வாயும் முதலில்.

அந்தக் கண்மாயில் திரும்பவும் வேலை நடந்தது, இந்த முறை வேர்க்கட்டையோடு. ஜேசிபி போன பிறகு மழைக்காலத்தில் நாலைந்து பேர் ஞாயிற்றுக்கிழமை காலையில் போவோம். ஈர மண்ணில் விரல் நீளத்துக்கு முளைத்திருக்கும், இரண்டே பச்சை இலை, அப்புறம் சின்னச் சின்னதாகத் தழை. அடியைப் பிடித்து மெதுவாக இழுத்தால் செடியைவிட நீளமான வெள்ளை வேர் வழுக்கிக்கொண்டு வரும். தை மாதம் மண் இறுகிய பிறகு இதே செடிக்கு மண்வெட்டி வேண்டும். இப்போது மூன்றாவது வருஷம். முதல் வருஷம் ஆளுக்கு ஒரு சாக்கு நிறையப் பிடுங்கினோம், போன மழைக்கு எல்லோருக்கும் சேர்த்து ஒரு சாக்கு.