மிஷியாலஜி படிக்கப் போகிறவர்கள் வழுக்கி விழும் இடங்கள்

கல்லூரிச் சேர்க்கை நேரம் வந்தால் என் வாட்ஸாப்பில் ஒரே மாதிரியான செய்திகள் வரத் தொடங்கிவிடும். "அண்ணே, பி.டி. முடிச்சிட்டேன். எம்.டிஎச். மிஷியாலஜி எடுக்கலாமா?" பி.டி. என்பது இறையியலில் இளநிலைப் பட்டம், எம்.டிஎச். அதற்கு மேலான முதுநிலைப் பட்டம். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: முடித்துவிட்டு எங்கே போகப் போகிறாய்? பாதிப் பேரிடம் பதில் இருக்காது. "ஆண்டவர் நடத்துவார்" என்று எழுதுவார்கள். நடத்துவார், சரி. ஆனால் திருமண்டல அலுவலகமோ மிஷனெரி சங்கமோ உன் சான்றிதழைக் கையில் வாங்கிப் பார்க்கும்போது என்ன சொல்லும் என்பதையும் கொஞ்சம் விசாரித்துக்கொள்ளலாமே.

அருட்பணியியல் என்று தமிழில் சொல்லும், சபையின் நற்செய்திப் பணியை ஆராயும் இந்த மேற்படிப்பில் நானும் தடுக்கி விழுந்திருக்கிறேன். அதற்குப் பிறகு தம்பி தங்கைகள் எழுதும் ஆய்வு முன்மொழிவுகளைப் படித்துப் பார்த்துச் சொல்வது வழக்கமாகிவிட்டது. திரும்பத் திரும்பக் கண்ணில் பட்ட தவறுகளை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் பட்டம். வங்காளத்தின் செராம்பூர் கல்லூரி 1818-ல் கேரி, மார்ஷ்மன், வார்ட் என்ற மிஷனெரிகள் மூவரும் தொடங்கியது. செராம்பூர் அப்போது டென்மார்க்கின் கையில் இருந்ததால் 1827-ல் டென்மார்க் அரசர் பட்டம் வழங்கும் உரிமையோடு பட்டயம் கொடுத்தார். 1918-ல் வங்காளச் சட்டமன்றம் தனிச் சட்டமே போட்டது. மதுரை அரசரடி, பெங்களூரு யு.டி.சி., சென்னை குருகுல் போன்ற இறையியல் கல்லூரிகளில் படித்தவர்கள் வாங்கும் பட்டம் அந்த வழியில் வருவதுதான். இன்னொரு பக்கம் ஏ.டி.ஏ. என்று நாம் சுருக்கிச் சொல்லும் ஆசிய இறையியல் கூட்டமைப்பின் அங்கீகாரம் பெற்ற கல்லூரிகள் எம்.டிவ். (இறையியல் முதுநிலை) போன்ற பட்டங்களைக் கொடுக்கின்றன. அது இறையியல் கல்வியின் தரத்துக்குக் கிடைக்கும் சான்று, யு.ஜி.சி. அங்கீகாரம் அல்ல. இரண்டுமே உழைத்து வாங்கும் பட்டங்கள்தான். ஆனால் ஒன்று திறக்கும் கதவை மற்றது திறக்காது. குருப்பட்டம் பெற வருகிறவர்களிடம் சி.எஸ்.ஐ. என்ற தென்னிந்தியத் திருச்சபையின் திருமண்டலங்கள் வழக்கமாகக் கேட்பது செராம்பூர் பி.டி.யைத்தான். எனக்குத் தெரிந்த ஒருவர் மூன்று வருடம் எம்.டிவ். படித்து நல்ல மதிப்பெண்ணோடு ஊருக்கு வந்தார். "அப்படியே எடுத்துக்க முடியாது தம்பி, இன்னும் சில பேப்பர் எழுதணும்" என்றார்கள். அந்த விதி அவர் சேரும்போதும் இருந்தது. யாரும் அவரிடம் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. எங்கே ஊழியம் செய்யப் போகிறாயோ அங்கே போய், இந்தப் பட்டம் செல்லுமா என்று எழுத்தில் வாங்கிக்கொள். ஒரு தபால்தலைச் செலவு.

நன்கொடை கொடுத்து வாங்கும் டாக்டர் பட்டத்தைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. அங்கி போட்ட படம் ஃபிளெக்ஸ் பேனருக்கு ஆகும்.

அடுத்தது தலைப்பு. 'இந்தியாவில் அருட்பணி: ஓர் இறையியல் பார்வை' என்று ஒரு முன்மொழிவு வரும். இரண்டு வருடப் படிப்பில் ஆய்வுக்குக் கிடைப்பது ஏறக்குறைய ஒரு வருடம். அதில் இந்தியா முழுவதையும் எப்படி அடக்குவது? பெரிய தலைப்பு எடுத்தவர்கள் கடைசியில் பத்துப் புத்தகங்களைச் சுருக்கி எழுதிவிட்டு வருவார்கள்.

அதைவிட வேதனையானது, ஆதாரம் எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் வரலாற்றுத் தலைப்பு எடுப்பது. தரங்கம்பாடி என்றதும் நம் பிள்ளைகளுக்கு ஓர் ஆசை. 1706-ல் ஜெர்மன் மிஷனெரி சீகன்பால்கு வந்து இறங்கிய இடம், நம் ஊர், நம் கதை. ஆனால் அவரும் பின்வந்தவர்களும் எழுதிய கடிதங்களில் பெரும்பகுதி ஜெர்மனியின் ஹாலே நகரில் பிராங்கே நிறுவனக் காப்பகத்தில் இருக்கிறது. அந்த மிஷனெரிகளின் கடிதங்களைத் தொகுத்து அச்சிட்ட ஹாலே அறிக்கைகளை இணையத்திலேயே பார்க்கலாம். ஆனால் அவை ஜெர்மன் மொழியில். கையெழுத்துப் பிரதி என்றால் அந்தக் காலத்து ஜெர்மன் எழுத்தையும் படிக்கத் தெரிய வேண்டும். திருவிதாங்கூர் லண்டன் மிஷன் என்று தலைப்பு எடுத்தால் ஆங்கிலம் போதும், ஆனால் அந்தச் சங்கத்தின் ஆவணங்கள் லண்டனில், சோயாஸ் என்ற பல்கலைக்கழகக் கல்லூரியின் நூலகத்தில். எட்டாவது மாதத்தில் இதைக் கண்டுபிடித்தால் அழுகைதான் வரும். நான் அழுதிருக்கிறேன்.

ஒரு தங்கை வேறு மாதிரி செய்தாள். முதலில் அவள் கொண்டுவந்ததும் 'திருநெல்வேலியில் மிஷனெரி இயக்கம்' என்ற பெரிய மூட்டைதான். பேசிக்கொண்டிருக்கும்போது போகிற போக்கில் சொன்னாள்: "எங்க ஆச்சி உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனிக் கலயத்துல போடுவாங்க. ஞாயித்துக்கிழமை கோயிலுக்குக் கொண்டுபோவாங்க. அம்மா அப்படிச் செய்யல." அதுதான் உன் தலைப்பு என்றேன். ஒரே ஊர், ஒரே சபை. பிடியரிசிக் காணிக்கை எப்போது நின்றது, அந்த இடத்துக்கு மிஷனெரி தாங்கும் மாதச் சந்தா எப்போது வந்தது, கொடுக்கிறவர்கள் யார் என்பது எப்படி மாறியது? கோயில் பீரோவில் பழைய கணக்கு நோட்டுகள் கரையான் போக மிச்சம் இருந்தன. கலயம் வைத்திருந்த ஆச்சிமார் நான்கைந்து பேர் உயிரோடு இருந்தார்கள். 1903-ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியதையும், அங்கிருந்து தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கலுக்கு ஆள் அனுப்பியதையும் அந்தக் கலயத்திலிருந்தே அவளால் எழுத முடிந்தது.

இந்த இடத்தில் இன்னொரு பழக்கத்தையும் சொல்ல வேண்டும். மிஷன் வரலாறு என்றால் துரைமார் வரலாறு என்றே எழுதுகிறோம். லண்டன் மிஷனின் ரிங்கல்தௌபேக்கு ஒரு அத்தியாயம் கொடுப்போம். அவரை மயிலாடிக்கு வரவழைத்த மகராசன் வேதமாணிக்கத்துக்கு ஒரு பத்தி. பாளையங்கோட்டையில் 1785-ல் கோயில் கட்டிய குளோரிந்தா அம்மாள் அடிக்குறிப்பில் நிற்பார். வேளாளன்விளையில் பிறந்து 1912-ல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரான அசரியாவையே 1910 எடின்பரோ உலக மிஷனெரி மாநாட்டில் பேசிய ஒரு பேச்சோடு முடித்துவிடுகிறவர்கள் உண்டு.

கோட்பாட்டுக்கு வருவோம். டொனால்ட் மெக்காவ்ரன் பெயர் இல்லாத மிஷியாலஜி ஆய்வேடு நம் பக்கம் அபூர்வம். மக்கள் இன, மொழி, வர்க்கத் தடைகளைத் தாண்டாமலே கிறிஸ்தவர்களாக விரும்புகிறார்கள், அதனால் ஒத்த குழுக்களாகவே சபை வளரட்டும் என்பது அவர் வாதம். மாணவர்கள் இதை அமெரிக்காவிலிருந்து வந்த சரக்கு என்று நினைத்து, தங்கள் கிராமத்தின் மேல் ஒட்டிப் பார்க்கிறார்கள். அவர் பிறந்தது மத்திய இந்தியாவின் தமோவில், 1897-ல். மிஷனெரிகளின் பேரன். இங்கே சாதி சாதியாக மக்கள் சபைக்கு வந்ததைப் பார்த்துத்தான் அந்தக் கருத்தை வளர்த்தார். பிறகு 1965-ல் கலிபோர்னியாவின் புல்லர் கல்லூரியில் உலக மிஷன் துறையைத் தொடங்கினார். நம் ஊர் அரிசி கடல் தாண்டிப் போய்ப் பாலிஷ் போட்டுத் திரும்பி வந்த மாதிரி.

அப்படியானால் நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. சாதியைத் தொடாமல் சபைக்குள் வந்தவர்களுக்கு மூன்று தலைமுறை கழித்து என்ன ஆயிற்று? தமிழ்நாட்டில் இதற்கான பதில் புத்தகத்துக்கு வெளியேயே கிடக்கிறது: தனித்தனிக் கல்லறைத் தோட்டம், திருமண்டலத் தேர்தல், பெண் பார்க்கும் படலம். 1833-லேயே கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேறுபாட்டை உடனே கைவிட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சாவூரில் பெரும் கலகம். தஞ்சாவூர் சபையின் கவிஞர் வேதநாயகம் சாஸ்திரியாரே சாதி விஷயத்தில் மிஷனெரிகளை எதிர்த்து நின்றவர். அவருடைய கீர்த்தனைகளை இன்றும் பாடுகிறோம், அந்தச் சண்டையைப் பாடத்தில் வைப்பதில்லை. மெக்காவ்ரனை மேற்கோள் காட்டு, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் உன் சபையின் கல்லறைத் தோட்டத்தை ஒருமுறை சுற்றிவந்துவிட்டு எழுது.

கள ஆய்வில் நடக்கும் கூத்து தனி. ஒரு தம்பி ஆங்கிலத்தில் 40 கேள்வி கொண்ட படிவத்தைத் தமிழாக்கி, அட்டையில் செருகிக்கொண்டு ஒரு கிராமத்துக்குப் போனான். மகளிர் குழுக் கடன் வசூலுக்கு வந்திருக்கிறான் என்று முதல் தெருவில் பாதி வீடு கதவைச் சாத்திவிட்டது. இரண்டாம் நாள் அட்டையை வைத்துவிட்டுப் போய் டீக்கடையில் உட்கார்ந்தான். அப்புறம்தான் பேச்சு வந்தது.

வந்த பேச்சை ஆங்கிலத்தில் எழுதும்போது அடுத்த சறுக்கல். ஒரு பாட்டி "நாங்க வேதத்துல சேர்ந்தோம்" என்றார். அவர் மகன் "கோயில்ல சேர்ந்தோம்" என்றார். பேரன் "ரட்சிக்கப்பட்டேன்" என்றான். ஆய்வேட்டில் மூன்றுமே 'மதம் மாறினர்' என்ற ஒரே ஆங்கிலச் சொல்லாக நின்றது. பாட்டி சொன்னது ஊரோடு சேர்ந்து எடுத்த முடிவு. மகன் சொன்னது பெயர்ப் பதிவேட்டை. பேரன் சொன்னது ஒரு உபவாசக் கூட்டத்து இரவை. தமிழ்ச் சொல்லை அப்படியே வைத்துவிட்டு விளக்கம் எழுதியிருந்தால் அந்த ஒரு பக்கமே ஒரு அத்தியாயத்துக்குச் சமம். சீகன்பால்கு திண்ணைப் பள்ளிக் குழந்தைகளோடு மணலில் அகரம் பழகி, இரண்டே வருடத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ் நூல்களுக்குப் பட்டியல் போட்டார். 1713-ல் தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி அவர் எழுதி அனுப்பியது ஹாலேயில் இருந்தவர்களுக்குப் பிடிக்காமல் கிடப்பில் போனது, 1867-ல்தான் அச்சானது. நாமோ தமிழிலேயே பிறந்துவிட்டு, 'பிற சமயங்கள்' பேப்பரைத் தேறினால் போதும் என்று தள்ளிவிடுகிறோம்.

பணம், குடும்பம் பற்றி ஒரு வரி: மனைவியிடம் கேட்காமல் விடுதி அறை எடுக்காதே.

கடைசியாகச் சட்டம். இது தெரியாமல் வடக்கே போகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. அரசியலமைப்பின் 25-வது பிரிவு மதத்தைப் பரப்ப உரிமை தருகிறது என்று எல்லோருக்கும் தெரியும். அந்த உரிமைக்குள் இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை அடங்காது என்று 1977-ல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது பலருக்குத் தெரியாது. தமிழ்நாட்டில் 2002-ல் வந்த கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் 2004-ல் விலக்கப்பட்டதால், இங்கே வளர்ந்தவர்களுக்கு அது பழைய கதை. ஒடிசாவில் 1967-லிருந்து இப்படி ஒரு சட்டம் இருக்கிறது. குஜராத்தில் 2003-லிருந்து. உத்தரப்பிரதேசத்தின் 2021 சட்டப்படி, மதம் மாற விரும்புகிறவர் 60 நாளுக்கு முன்பே மாவட்ட ஆட்சியருக்கு எழுதிக் கொடுக்க வேண்டும்.

இதற்கும் ஆய்வேட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பார்கள். பின்னிணைப்பைத் திறந்து பார். பேட்டி கொடுத்தவர் பெயர், வயது, ஊர், ஞானஸ்நானம் எடுத்த தேதி, கொடுத்த போதகர் பெயர், சில நேரம் கைபேசி எண் கூட. கல்லூரி நூலகத்தில் யார் வேண்டுமானாலும் எடுத்துப் புரட்டலாம், பி.டி.எஃப். ஆகிவிட்டால் எங்கே போகும் என்று சொல்ல முடியாது. வட மாநிலக் கிராமம் ஒன்றைப் பற்றிய அப்படியொரு வரைவு போன வருடம் என்னிடம் வந்தது. எழுதிய பையனை உட்காரவைத்து, இரண்டு பேருமாக 31 பெயர்களை அடித்துவிட்டு எண் போட்டோம். ஊரின் பெயரை மாற்றினோம், தேதிகளை வருடமாகச் சுருக்கினோம். யாருக்கு எந்த எண் என்ற தாளை அவன் கணினியில் ஏற்றவில்லை, கையால் எழுதி வழிகாட்டியிடம் கொடுத்துவிட்டான். எல்லாம் முடிந்தபின் நன்றியுரையைப் புரட்டினால், அந்தப் போதகருக்கு ஊர்ப் பெயரோடு நன்றி சொல்லியிருந்தான்.