பிரெஞ்சு முதியவர்களிடம் புதுச்சேரிக்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதுச்சேரியிலிருந்து பிரான்சுக்குக் குடியேறுபவர்களுக்கு அந்த நாட்டைப் பற்றி ஓர் அசட்டுத் துணிச்சல் உண்டு. பிரெஞ்சுத் தெருப் பெயர்களைப் படித்தும், சிவப்புத் தொப்பி அணிந்த போலீசாரைப் பார்த்தும், பிரெஞ்சு தேசிய நாளான ஜூலை 14 அன்று பதக்கங்களுடன் வரும் வயதான சொல்தாக்களுக்கு, அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் பணியாற்றிய நம் ஊர்க்காரர்களுக்கு, வணக்கம் சொல்லியும் வளர்ந்தவர்களுக்கு இனி என்ன புதிதாக இருந்துவிடப் போகிறது என்று தோன்றும். ஆனால் பாரிசின் புறநகர் அடுக்ககத்தில் எதிர்வீட்டு மூதாட்டியிடம்தான் அந்தத் துணிச்சல் முதலில் சறுக்குகிறது. அதுவும் நாம் மரியாதை என்று நினைத்துச் செய்யும் காரியங்களாலேயே சறுக்குகிறது.

கேள்விகளிலிருந்து தொடங்கலாம். புதுச்சேரி முத்தியால்பேட்டையில் ஒரு பாட்டியிடம் எத்தனை பிள்ளைகள், யாருடன் இருக்கிறீர்கள், பென்ஷன் ஒழுங்காக வருகிறதா என்று விசாரிக்காமல் நகர்ந்தால்தான் குற்றம். இதே மூன்று கேள்விகளை அங்கே கேட்டால், வருமான வரி அதிகாரியைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்கள். “பிள்ளைகள் உங்களை ஏன் தனியாக விட்டுவிட்டார்கள்?” என்று இரக்கத்தோடு கேட்பது இவற்றிலெல்லாம் மோசமானது, “நீ ஏன் உன் அம்மாவை அங்கே விட்டுவிட்டு வந்தாய்?” என்று அந்த அம்மையார் திருப்பிக் கேட்டால் நம்மிடம் பதில் இருக்காது. லிஃப்டில் ஏறியதும் “பொன்ழூர்” சொல்ல வேண்டும்; அதைச் சொல்லாமல் வேறு எதைச் சொன்னாலும் செல்லாது. பிறகு மழையைப் பற்றிப் பேசலாம், நாயின் வயதைக் கேட்கலாம். அம்மையாரின் வயதைக் கேட்கக் கூடாது.

பேருந்தில் இடம் கொடுப்பது நல்லதுதான் என்றாலும், “பாட்டி, உட்காருங்கள்” என்ற தோரணையில் எழுந்தால், அழகாக உதட்டுச்சாயம் பூசிய அந்தப் பெண்மணி இறங்கும் இடம் வரை பிடிவாதமாக நின்றுகொண்டே வரக்கூடும். கேட்காமல் காய்கறிப் பையைப் பிடுங்கித் தூக்குவதும் அப்படித்தான். சம்மதம் என்று நாம் தலையைப் பக்கவாட்டில் ஆட்டுவது அவர்கள் கண்ணுக்கு மறுப்பாகத் தெரிவதால், சாவியை உங்களிடம் கொடுத்துவிட்டுப் போகலாமா என்று கேட்ட முதியவர் முகம் வாடித் திரும்பிவிடுவார்; வாயைத் திறந்து சொல்லிவிடுவதே மேல். மாலை ஏழு மணிக்கு ‘ஆபெரோ’வுக்கு அழைத்தால் அது இரவு விருந்து அன்று என்பதையும் அறிந்திருக்க வேண்டும். ஆலிவ் காயும் வேர்க்கடலையும் ஒரு கோப்பைப் பானமும்தான் வரும். பசியோடு போய் ஒன்பது மணி வரை சமையலறைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தவர்கள் நம்மில் பலர் உண்டு.

இவற்றையெல்லாம் சிரித்து மறந்துவிடலாம். சாமந்தி விஷயத்தை மறப்பது கடினம். அக்டோபர் இறுதியில் பிரான்சின் பூக்கடை வாசல்களில் சாமந்தித் தொட்டிகள் மஞ்சளும் வெள்ளையுமாகக் குவிந்து கிடக்கும். தீபாவளியும் ஏறக்குறைய அப்போதுதான் வருகிறது. 2024இல் அக்டோபர் 31 அன்றே வந்தது. இனிப்புப் பெட்டியோடு ஒரு சாமந்தித் தொட்டியையும் வாங்கிக்கொண்டு எதிர்வீட்டுக் கதவைத் தட்டுவதைவிட நம்மவருக்கு இயல்பானது எதுவும் இல்லை. ஆனால் அந்தத் தொட்டிகள் அனைத்தும் நவம்பர் 1, சகல புனிதர் நாளன்று கல்லறைகளில் வைப்பதற்காகவே விற்கப்படுபவை. முதல் உலகப் போருக்குப் பின் போர்வீரர்களின் கல்லறைகளை இலையுதிர்காலக் குளிரிலும் வாடாத இந்தப் பூவால் அலங்கரித்ததிலிருந்து வழக்கம் ஆழமாக வேரூன்றிவிட்டது. எனவே எண்பது வயதுக்காரர் ஒருவரிடம் அதை நீட்டி “வாழ்த்துகள்” என்று சொன்னால், அவர் என்ன பொருள் கொள்வார் என்பதை விளக்கத் தேவையில்லை. சிலர் வாய்விட்டுச் சிரித்து, “இன்னும் கொஞ்ச நாள் பொறு” என்பார்கள். கல்லறைத் திருநாள் பார்த்து வளர்ந்த நம் ஊர்க் கிறிஸ்தவக் குடும்பங்கள்கூட இதில் தப்புவதில்லை. நமக்குச் சாமந்தி பூசைக்கும் மாலைக்கும் கல்லறைக்கும் பொதுவான பூ. நவம்பர் 1 புதுச்சேரிக்கு விடுதலை நாள் என்ற காரணத்தைச் சொல்லியும் அங்கே சமாளிக்க முடியாது. இனிப்பை மட்டும் கொடுங்கள், அதுவும் ஒரு துண்டு போதும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கிரைண்டரில் இட்லி மாவு அரைக்காதீர்கள். கீழ்வீட்டு முதியவர் இரவு உடையிலேயே படியேறி வந்து நிற்பார். அவரை உள்ளே அழைத்து அந்த இயந்திரத்தைக் காட்டி, மறுநாள் இட்லி கொடுத்துச் சமாதானம் ஆனவர்கள் இருக்கிறார்கள்; எல்லாக் கீழ்வீட்டுக்காரர்களும் அப்படி இருக்க மாட்டார்கள்.

இத்தனையும் கேட்டுவிட்டுப் பயந்துபோய் எவர் கதவையும் தட்டாமல் ஒதுங்கிவிடுவது, என் பார்வையில், மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு. 2003 ஆகஸ்ட் வெப்ப அலையில் பிரான்சில் ஏறத்தாழ 15,000 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள், பலர் வீட்டில் தனியாக இருந்தவர்கள். அதன் பிறகே, 65 வயதை எட்டி வீட்டில் வசிப்பவர்களின் பெயர்களை நகராட்சிகள் பதிவேட்டில் சேர்த்து, வெயில் உச்சத்தில் தொலைபேசியில் நலம் விசாரிக்கும் ஏற்பாடு வந்தது. அதில் பெயர் சேர்க்கலாமே என்று எதிர்வீட்டுக்காரரிடம் சொன்னால், எழுபத்தெட்டு வயதில் இருக்கும் அவர், “அது வயதானவர்களுக்கு அல்லவா?” என்று கேட்கக்கூடும். வாதிட வேண்டாம். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் நாய்க்குத் தண்ணீர் வைத்தாரா என்று கேட்கும் சாக்கில் தினமும் ஒருமுறை மணியடித்துப் பாருங்கள்.