நாலஞ்சு நாய் வளக்கற வீட்ல ஒண்ணுக்கு கேன்சர்னா பண்ணக்கூடாத தப்புக

நம்ம பக்கம் தோட்டத்து சாளைல நாலஞ்சு நாய் இருக்கறது சாதாரணமுங்க. அதுல ஒண்ணுக்கு கேன்சர்னு டாக்டர் சொன்னதும் மொதல்ல நடக்கறது என்னன்னா, மத்ததுக்கும் ஒட்டிக்கும்னு பயந்து அதைக் கொண்டுபோயி மோட்டார் ரூம்கிட்ட தனியா கட்டிடறது. மடில வர்ற கட்டி, எலும்புல வர்றது, நெறி கட்டற மாதிரி கழுத்துல வீங்கறது இதெல்லாம் ஒரு நாய்கிட்ட இருந்து இன்னொண்ணுக்குத் தொத்தவே தொத்தாதுங்க. கூட்டாளிகள விட்டுப் பிரிச்சா அது சோறு திங்கறதையும் நிறுத்திடும், அப்பறம் நோய்ல திங்கலையா ஏக்கத்துல திங்கலையான்னே கண்டுபிடிக்க முடியாது.

தொத்தற கேன்சர் ஒண்ணு இருக்குதுங்க, அதைத்தான் பிரிச்சுத் தெரிஞ்சுக்கோணும். டி.வி.டி. (TVT)னு டாக்டருக சொல்லுவாங்க, பிறப்புறுப்புல காலிஃபிளவர் மாதிரி வளந்து ரத்தம் சொட்டும். இது கிருமியால வர்றதில்ல, அந்த கேன்சர் செல்லே உயிரோட ஒரு நாய்கிட்ட இருந்து இன்னொண்ணு மேல போயி ஒட்டி வளருது, இணை சேர்றப்ப மட்டுமில்ல நக்கறப்ப மோந்து பாக்கறப்பவும் போகும், அதனால மூக்குலயும் வரும். இதுக்கு மட்டும் தனியா கட்டுங்க. ஆனா மனசு விட்ராதீங்க, பெரும்பாலும் முழுசா கொணமாகற கேன்சர் இதுதான், வின்கிரிஸ்டின்ங்கற கேன்சர் மருந்து ஊசி வாரம் ஒண்ணுன்னு 4லிருந்து 6 போட்டா அநேகமா கரைஞ்சிடும். ரெண்டு ஊசில ரத்தம் நின்னுருச்சுன்னு பாதில விடறதுதான் பெரிய தப்பு.

ஊசி போட்ட ரெண்டு மூணு நாளைக்கு மூத்திரம், பீயிலயெல்லாம் அந்த மருந்து கலந்து வரும், க்ளவுஸ் போட்டு அள்ளுங்க, மத்த நாய்க அதை நக்க விடாதீங்க, மாசமா இருக்கறவங்க தொடவே கூடாது.

அப்பறம் முக்கியமான விஷயம், நோய் வந்ததையே பாத்துட்டு மத்ததை மறந்துடறோம். உண்ணி எடுக்கறப்ப அப்படியே ஒவ்வொரு பொட்டை நாய்க்கும் மடியைத் தடவிப் பாருங்க. பட்டாணி அளவுதான, பாத்துக்கலாம்னு விடாதீங்க, மடிக்கட்டில கிட்டத்தட்ட பாதி கெட்ட கட்டி, சின்னதா இருக்கறப்பவே எடுக்கோணும், எடுக்கறதுக்கு முன்னாடி நுரையீரலுக்குப் போயிருக்கான்னு எக்ஸ்ரே பாக்கச் சொல்லுங்க. நாமக்கல் கால்நடை காலேஜ் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாலும் சரிதான். கட்டி மேல மஞ்சளும் சுண்ணாம்பும் பூசறத விட்ருங்க, புண்ணாச்சுன்னா ஈ மொய்ச்சு புழு வெச்சுடும்.

ஒரு நாய்க்கு எழுதின மாத்திரைய இன்னொண்ணுக்குக் குடுக்காதீங்க. ப்ரெட்னிசோலோன்ங்கற ஸ்டீராய்டு மாத்திரை திங்கற நாய்க்கு, மத்ததுக்கு வாங்கி மிச்சமிருந்த மெலாக்சிகாம்ங்கற வலி மருந்தை சேத்துக் குடுத்தா குடல் புண்ணாகி ரத்தமா போகும். நம்ம வலிக்குத் திங்கற ஐபுப்ரோஃபென் மாத்திரை நாய்க்கு விஷம்.

ஒரே நேரத்துல ரெண்டுக்கு வந்துட்டா காசு எதுக்குன்னு யோசிக்க வேண்டி வரும். கொணமாகறதுக்கு ஊசி, நுரையீரல் வரைக்கும் போனதுக்கு வலி தெரியாம மருந்துன்னு முடிவு பண்றது பாவம் இல்லீங்க, அதைத்தான் நானும் சொல்லுவேன். ஒண்ணு செத்துட்டா பொதைக்கறதுக்கு முன்னாடி மத்ததுகள மோந்து பாக்க விடுங்க. அதுல எதாவது ஒரு நாய், ரெண்டு நாளைக்கு மேல திங்காம கெடந்தா ஏக்கம்னு விட்ராம அதையும் டாக்டர்கிட்ட காட்டுங்க.