வீட்டுக் கோவிட் பரிசோதனை: எந்த கிட், எந்த நாளில், யார் கையில்?

பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் சதவீதத்தை மட்டும் பார்த்து கோவிட் கிட் வாங்குகிறவர்களைக் கண்டால் எனக்குச் சிரிப்பும் வரும், எரிச்சலும் வரும். ஆய்வகத்தில் வேலை பார்த்த காலத்திலேயே அந்த எண்களின் சாமர்த்தியம் எனக்குத் தெரியும். அறிகுறி தொடங்கிய ஒரு வாரத்துக்குள் இருப்பவர்களை, அதாவது மூக்கில் வைரஸ் நிறைந்திருக்கும் நாட்களில், சோதித்துக் கணக்கிட்ட எண்ணாகவே பெரும்பாலும் அது இருக்கும். நீங்கள் சோதிப்பது அந்த நாளிலா? உங்கள் விரல்களால் அந்தக் குப்பியைத் திறக்க முடியுமா? பெட்டி இதற்கெல்லாம் பதில் சொல்லாது.

எனக்கு இந்தக் கேள்விகள் முக்கியம், ஏனென்றால் என் அம்மா தனியாக இருக்கிறார். முடக்குவாதத்தால் விரல் மூட்டுகள் வளைந்துபோனவர். அதற்காக அவர் சாப்பிடும் மெத்தோட்ரெக்சேட் நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கக்கூடியது. காய்ச்சல் வந்தால் நான் போய்ச் சேரும்வரை காத்திருக்காமல் அவரே சோதித்துக்கொள்ள வேண்டும். ஆகவே ஒவ்வொரு கிட்டையும் அவர் கைகளை மனத்தில் வைத்துத்தான் எடைபோடுகிறேன்.

முதலில் நம்பகத்தன்மை. வீட்டில் செய்யும் கிட்டுகளில் இரண்டு இனம் உண்டு. கோடு தெரியும் ஆன்டிஜென் கிட் ஒன்று. வைரஸின் மரபணுவைப் பெருக்கிப் பார்க்கும் மூலக்கூறு கிட் மற்றொன்று. ஆன்டிஜென் கிட் தேடுவது வைரஸின் உள்ளே இருக்கும் நியூக்ளியோகேப்சிட் புரதத்தை. அது போதிய அளவு இருந்தால்தான் கோடு விழும். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2022இல் வெளியிட்ட தொகுப்பாய்வின்படி, அறிகுறி உள்ள நோயாளிகளில் சராசரியாக 73 சதவீதம் பேரை இந்த வகைச் சோதனைகள் கண்டுபிடித்தன. அறிகுறி இல்லாதவர்களில் 55 சதவீதம்தான். பிராண்டுக்கு பிராண்டு வேறுபாடும் பெரிது. ஆனால் தொற்று இல்லாதவருக்கு இருப்பதாகத் தவறாகச் சொல்வது மிக அரிது. சுருக்கமாக, பாசிட்டிவ் என்றால் நம்புங்கள். நெகட்டிவ் என்றால் இன்னும் முடியவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2022 ஆகஸ்டில் சொன்ன முறையைத்தான் நான் பின்பற்றுகிறேன். அறிகுறி இருந்து முதல் சோதனை நெகட்டிவ் என்றால், 48 மணி நேரம் கழித்து இன்னொன்று. அறிகுறி இல்லாமல், நோயாளியோடு பழகிய காரணத்தால் சோதிக்கிறீர்கள் என்றால், 48 மணி நேர இடைவெளியில் மூன்று. தடுப்பூசியோ முந்தைய தொற்றோ கண்ட உடம்பில் தொண்டைக் கரகரப்பு முதலில் வந்துவிடுகிறது. வைரஸ் உச்சம் தொடுவது அதற்குச் சில நாட்கள் கழித்து. முதல் நாளே வெறும் ஒற்றைக் கோட்டை, அதாவது நெகட்டிவை, பார்த்துவிட்டுத் திருமணத்துக்குக் கிளம்புகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். இதனால்தான் ஒற்றை கிட் உள்ள பெட்டியை நான் வாங்குவதே இல்லை. இரண்டு இருக்கும் பெட்டியே குறைந்தபட்சம்.

மூலக்கூறு கிட்டுகள் குறைந்த அளவு வைரஸையும் பிடிப்பவை, சந்தேகமில்லை. வீட்டிலேயே முழுவதும் செய்யக்கூடிய முதல் மூலக்கூறு கிட்டான லூசிராவுக்கு 2020 நவம்பரில் அமெரிக்காவில் அவசர அனுமதி கிடைத்தது. அரை மணி நேரத்தில் விளக்கு எரிந்து பதில் சொல்லும். கையாளவும் எளிது. ஆனால் விலை அதிகம். நோய் குணமான பிறகும் நாள்கணக்கில் பாசிட்டிவ் காட்டக்கூடியது. தனிமையை முடித்துக்கொள்ளலாமா என்று பார்க்க இது உதவாது. இன்னொரு தொல்லையும் உண்டு. லூசிரா நிறுவனம் 2023இல் திவால் மனு போட்டது. கருவியும் செயலியும் சேர்ந்து இயங்கிய மூலக்கூறு கிட்டைத் தயாரித்த க்யூ நிறுவனம் 2024இல் கடையை மூடியது. அதற்குச் சற்று முன்னர்தான் அதன் கிட்டுகளைப் பயன்படுத்த வேண்டாம் என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் எச்சரித்திருந்தது. செயலி இல்லாமல் பதில் சொல்லாத கருவியை வாங்குவதற்கு முன் இரண்டு முறை யோசியுங்கள். கைபேசியோடு ப்ளூடூத்தில் பேசும் எல்யூம் ஆன்டிஜென் கிட்டின் சில தொகுதிகள்கூட, தவறான பாசிட்டிவ்கள் அதிகமானதால் 2021 அக்டோபரில் திரும்பப் பெறப்பட்டன. பளபளப்புக்கும் நம்பகத்துக்கும் தொடர்பில்லை.

இனி எளிமை. உண்மையில் வித்தியாசம் கிடப்பது இங்கேதான்.

பைனாக்ஸ்நவ் என்ற ஆன்டிஜென் கிட் புத்தகம்போல் மடியும் ஓர் அட்டை. மேல் துளையில் ஆறு சொட்டு விட வேண்டும். கீழ்த் துளை வழியாகப் பஞ்சுக்குச்சியைச் செருகி, மேல்துளையில் நுனி தெரியும்வரை தள்ளி, மூன்று முறை சுழற்றி, அட்டையை மூட வேண்டும். தனிக் குழாய் இல்லை, கவிழ்ந்து கொட்டுவதற்கு ஒன்றுமில்லை. அதுவரை அருமை. ஆனால் ஆறு சொட்டு எண்ணுவதுதான் அம்மாவுக்குச் சோதனை. குப்பியைப் பிதுக்கும்போது காற்றுக்குமிழி கலந்தால் பாதிச் சொட்டுதான் விழும். "விழுந்தது சொட்டா, நுரையா? அதையும் எண்ண வேண்டுமாடி?" என்று கேட்டார். நுரையை எண்ணக்கூடாது. குப்பியைச் செங்குத்தாகப் பிடித்து, முனை அட்டையைத் தொடாமல், ஒவ்வொரு சொட்டாக விட வேண்டும்.

ஃப்ளோஃப்ளெக்ஸ், ஐஹெல்த் போன்ற ஆன்டிஜென் கிட்டுகள் குழாயும், கோடு விழும் பிளாஸ்டிக் கேசட்டும் கொண்டவை. குழாயில் குச்சியைக் கலக்கி, மூடியைப் பொருத்தி, கேசட்டின் குழியில் மூன்றோ நான்கோ சொட்டு விட்டு, கால்மணி நேரம் காத்திருக்க வேண்டும். எத்தனை சொட்டு, எவ்வளவு நேரம் என்பது கிட்டுக்கு கிட்டு மாறும். போன முறை வேறு பிராண்டில் செய்ததை நினைவில் வைத்துச் செய்யாதீர்கள், ஒவ்வொரு முறையும் தாளைப் படியுங்கள். இந்த வகையில் வில்லங்கம் குழாயின் வாயில் ஒட்டியிருக்கும் அலுமினியத் தாள். வளைந்த விரல் அதைச் சுரண்டி இழுக்கும்போது குழாய் துள்ளி, இருக்கும் சில துளியில் பாதி நகத்துக்குப் போய்விடும். பெட்டியிலேயே குழாய் நிற்க ஒரு துளை இருக்கும் கிட்டைத் தேடி வாங்குங்கள். குழாயை அதில் நிறுத்தி, பெட்டியை மேசையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, தாளை முகத்துக்கு எதிர்ப்பக்கமாக உரியுங்கள். அந்தத் திரவம் கண்ணிலோ தோலிலோ படக்கூடாது. குழந்தைகள் கைக்கு எட்டவும் கூடாது.

குச்சியும் சோதனைப் பட்டையும் ஒன்றாகவே வரும் இன்டெலிஸ்வாப் வகை, நடுங்கும் கைக்கு நல்லது. மூக்கில் விட்ட குச்சியையே குப்பியில் சுழற்றி அப்படியே நிறுத்திவிடலாம். சொட்டு எண்ணும் வேலையே இல்லை. அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பதுதான் குறை. அம்மாவுக்கு நான் வாங்கி வைப்பது இதுதான். இதைவிட நுட்பமான கிட் கடையில் இருக்கலாம். ஆனால் பாதித் திரவம் சிந்திய நுட்பமான கிட்டைவிட, முழுதாகச் செய்து முடித்த சாதாரண கிட் மேல்.

மூக்கில் மாதிரி எடுப்பதில் எல்லா கிட்டுக்கும் ஏறக்குறைய ஒரே முறைதான், அதைத்தான் பலர் அரைகுறையாகச் செய்கிறார்கள். முதலில் மூக்கைச் சிந்துங்கள். கைகளைக் கழுவிக் காயவிடுங்கள். குச்சியின் பஞ்சு மறையும் அளவு, ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர்வரை விட்டால் போதும்; கண்ணில் நீர் வரும்வரை குத்த வேண்டியதில்லை. ஆனால் மூக்கின் உட்சுவரை அழுத்தித் தேய்க்க வேண்டும், தாளில் சொன்ன எண்ணிக்கையில், பெரிய வட்டமாக. காம்பை விரலில் உருட்டினால் பஞ்சு நின்ற இடத்திலேயே சுற்றும், சுவரைத் தொடாது. இரண்டு துவாரத்துக்கும் அதே குச்சி. தொண்டையில் எடுத்தால் நன்றாகப் பிடிக்கும் என்று ஆளாளுக்குச் சொல்வார்கள்; உங்கள் கிட்டின் தாளில் தொண்டை என்று இருந்தால் மட்டும் செய்யுங்கள்.

பிறகு கடிகாரம். கைபேசியில் அலாரம் வையுங்கள். சொன்ன நேரத்துக்கு முன் பார்ப்பதும் தவறு, கெடு தாண்டிப் பார்ப்பதும் தவறு. மறுநாள் குப்பைக்கூடையில் கிடக்கும் கேசட்டில் மெல்லிய சாம்பல் கோடு தெரிகிறது என்று பதறிப் போன் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். திரவம் உலர்ந்தபின் தோன்றும் அந்தக் கோட்டுக்கு மதிப்பில்லை. மாறாக, உரிய நேரத்துக்குள் டி என்ற எழுத்துக்கு எதிரே எவ்வளவு மங்கலாகக் கோடு வந்தாலும் அது பாசிட்டிவ்தான். சி என்ற எழுத்துக்கு எதிரே கோடு வராவிட்டால் அந்தச் சோதனை செல்லாது. புது கிட்டை எடுங்கள். கண் மங்கியவர்கள் வெள்ளை விளக்குக்குக் கீழே கைபேசியில் படமெடுத்துப் பெரிதாக்கிப் பார்ப்பது நல்லது. அம்மா எனக்குப் படம் அனுப்பிவிடுவார், கூடவே ஒரு கேள்விக்குறியும்.

கிட்டுகளைப் பெரும்பாலும் 2 முதல் 30 டிகிரி செல்சியஸுக்குள் வைத்திருக்க வேண்டும். வெயிலில் நிற்கும் காரில் போட்டு வைக்காதீர்கள். பெட்டியில் காலாவதி தாண்டியிருந்தால் உடனே எறிய வேண்டாம். பல கிட்டுகளின் காலம் பின்னர் நீட்டிக்கப்பட்டது. தயாரிப்பாளரின் தளத்தில் பெட்டியில் அச்சிட்டிருக்கும் லாட் எண்ணை, அதாவது தயாரிப்புத் தொகுதி எண்ணை, சரிபாருங்கள்.

வயதானவர், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர் என்றால், பாசிட்டிவ் வந்த அன்றே மருத்துவரை அழையுங்கள். கோவிட் வைரஸுக்கு எதிரான பாக்ஸ்லோவிட் மாத்திரையை அறிகுறி தொடங்கி ஐந்து நாட்களுக்குள் ஆரம்பித்தாக வேண்டும், அது வேறு பல மருந்துகளோடு மோதவும் செய்யும். அறிகுறி தொடங்கிய தேதியையும், தினமும் சாப்பிடும் மருந்துகளின் பட்டியலையும் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். இரண்டு சோதனையும் நெகட்டிவ், ஆனால் காய்ச்சலும் மூச்சுத் திணறலும் இருக்கிறது என்றால் மூன்றாவது கிட்டைத் தேடிக்கொண்டிருக்காதீர்கள், மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.