ரைடிங் ஜாக்கெட்டை உள்பக்கம் திருப்பிப் பாருங்கள்

திருப்பூர்க்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தக் கடையில் எந்தத் துணியை எடுத்தாலும், அடுத்த நொடி கை தானாக அதை உள்பக்கம் திருப்பிவிடும். தையல் எப்படி, ஓரத்தில் எவ்வளவு துணி விட்டிருக்கிறார்கள், நூல் பிசிறு நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் விலையே கேட்போம். இருநூறு ரூபாய் பனியனுக்கு இவ்வளவு பார்க்கும் நாம், ஏழாயிரம் ரூபாய் போட்டு பைக் ஜாக்கெட் வாங்கும்போது மட்டும் வெளியிலிருக்கும் பிளாஸ்டிக் புடைப்பையும் நிறத்தையும் பார்த்து ஏமாந்துவிடுகிறோம்.

என் மாமா பையன் அப்படித்தான் வாங்கினான். பல்லடத்திலிருந்து தாராபுரம் போகும் வழியில், ஒரு திருப்பத்தில் கொட்டிக் கிடந்த மணலில் வண்டி வழுக்கியது. வேகம் நாற்பதைத் தாண்டியிருக்காது. எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் முழங்கைத் தோல் மொத்தமாகப் போய்விட்டது. அந்த ஜாக்கெட்டை எங்கள் கம்பெனி செக்கிங் டேபிளில் டியூப்லைட்டுக்குக் கீழே விரித்து வைத்தோம். தோள்பட்டையிலிருந்து முழங்கை வரை தையல் வாய் திறந்திருந்தது. நூல் அறுந்திருக்கவில்லை. ஓரத்தில் கால் அங்குலம்கூடத் துணி விடாமல் ஒற்றைத் தையல் போட்டிருந்ததால், துணியே பிரிந்து தையலிலிருந்து உருவிக்கொண்டு வந்துவிட்டது. கட்டிங் மாஸ்டர் அதை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இதென்ன கண்ணு, டீ-சர்ட்டுக்கே இப்படித் தெச்சா நாம பாஸ் பண்ண மாட்டமே" என்றார்.

விலை குறைந்த ஜாக்கெட்டுகளில் நடக்கும் முதல் தவறு இதுதான். துணி தேய்வதற்கு முன்பே தையல் பிரிந்துவிட்டால், எந்தத் துணியானால் என்ன? கடையிலேயே உள் லைனிங்கை விலக்கி, தோள், கை, பக்கவாட்டுத் தையல்களைப் பாருங்கள். ஓரம் மடித்து, இரண்டு மூன்று வரிசை தைத்திருக்க வேண்டும். தையலின் இரண்டு பக்கமும் பிடித்து நன்றாக இழுத்தால், நடுவில் நூல் பல்லிளிக்கக் கூடாது.

துணியைப் பற்றிப் பேசும்போது '600 டெனியர்' என்று விற்பவர்கள் அடித்துச் சொல்வார்கள். டெனியர் என்பது 9,000 மீட்டர் நூலின் எடை, கிராமில். அது நூலின் தடிமனைச் சொல்லுமே தவிர, துணி ரோட்டில் எவ்வளவு நேரம் தாங்கும் என்று சொல்லாது. ஒரே டெனியரில் பாலியஸ்டரும் இருக்கும், அதைவிட உரசலைத் தாங்கும் நல்ல நைலானும் இருக்கும். அதனால் எண்ணை மட்டும் நம்பாமல் லேபிளைப் படியுங்கள். ஐரோப்பியத் தரமான ஈ.என். 17092, உடைகளைத் தரம் பிரிக்கிறது. ட்ரிபிள் ஏ உயர்ந்தது, அடுத்து டபுள் ஏ, பிறகு ஏ. தினமும் அவிநாசி ரோட்டில் வேலைக்குப் போய்வந்து, எப்போதாவது வால்பாறை ஏறுபவருக்கு டபுள் ஏ கிடைத்தால் நல்லது, ஏ கட்டாயம். ஐரோப்பிய விதிப்படி செய்தது என்பதற்கான குறி 'சி.ஈ.'; வெறும் அந்த இரண்டு எழுத்து மட்டும் அச்சடித்து, தர எண்ணும் வகுப்பும் இல்லாத லேபிளை நான் கணக்கிலேயே எடுக்க மாட்டேன்.

அப்புறம் பேட், அதாவது விழும்போது அடியைத் தாங்க தோளிலும் முழங்கையிலும் முதுகிலும் வைக்கும் தடுப்பு. இதில் ஏமாறுவது மிகச் சுலபம், ஏனென்றால் அது ஜாக்கெட்டின் உள்பையில் ஒளிந்திருக்கிறது. வெளியே எடுத்துப் பாருங்கள். மெத்தைக் கடை ஸ்பாஞ்ச் போல கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் நசுங்கி ஒன்றுமில்லாமல் போனால், அது அளவுக்கு வெட்டி வைத்த நுரை. அசல் பேடில் ஈ.என். 1621-1 என்ற எண்ணும், லெவல் 1 அல்லது 2 என்பதும் பதிந்திருக்கும். சோதனையில் சுமார் 5 கிலோ எடையை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து போடுவது போன்ற அடி கொடுத்து, பேடைத் தாண்டி உடம்புக்கு எவ்வளவு விசை வருகிறது என்று அளக்கிறார்கள். கை கால் மூட்டுக்கான பேடில் சராசரி 35 கிலோ நியூட்டனுக்குள் இருந்தால் லெவல் 1, 20-க்குள் இருந்தால் லெவல் 2. முதுகுப் பேடுக்குத் தனித் தரம் உண்டு, ஈ.என். 1621-2, அதில் லெவல் 1-க்கு 18, லெவல் 2-க்கு 9. விலை குறைந்த ஜாக்கெட்டுகள் பலவற்றில் தோளுக்கும் முழங்கைக்கும் நல்ல பேடைக் கொடுத்துவிட்டு, முதுகுக்கு மட்டும் நுரையை வைத்துவிடுவார்கள். ஜாக்கெட் மற்றபடி நன்றாக இருந்தால் அதையே வாங்கி, முதுகுப் பேடைத் தனியாக வாங்கிப் போடுங்கள். வாங்கும் முன் பையின் அளவை எடுத்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு நல்ல பேடும் இடம் மாறிவிட்டால் வீண். 'கொஞ்சம் லூசா இருக்கட்டும், உள்ளே ஸ்வெட்டர் போட்டுக்கலாம்' என்று ஒரு சைஸ் கூட்டி வாங்குவது நம் வீடுகளில் பள்ளிச் சீருடையிலேயே தொடங்கும் பழக்கம். மாமா பையனுக்கு முழங்கையில் அடிபட்டபோது பேட் கைக்குப் பின்பக்கம் சுற்றிப் போயிருந்தது. கடையில் நின்றபடி மட்டும் போட்டுப் பார்க்காதீர்கள். வண்டியில் உட்கார்ந்து ஹேண்டில்பாரைப் பிடியுங்கள். அந்த நிலையில் பேட் சரியாக முழங்கை எலும்பின் மேல் இருக்க வேண்டும், வேறொருவர் பிடித்துத் திருப்பினாலும் நகரக் கூடாது, முதுகுப்பக்கம் இடுப்புக்கு மேலே ஏறக் கூடாது. ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும்போது உடுமலைப் பக்கம், காற்றாலைகளுக்கு நடுவே, லூசான ஜாக்கெட்டோடு ஓட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: அது கோணிச் சாக்கு மாதிரி உப்பிக்கொண்டு வண்டியையே பக்கவாட்டில் இழுக்கும்.

வெயிலை மறந்து வாங்குவது அடுத்த தவறு. சித்திரையில் கரூரிலோ ஈரோட்டிலோ தடித்த கறுப்பு லெதர் ஜாக்கெட்டை எத்தனை நாள் போடுவீர்கள்? நான்காம் நாள் அது அலமாரிக்குப் போய்விடும். நமக்கு மெஷ் ஜாக்கெட்தான் சரி. ஆனால் உடம்பு முழுக்க வலையாக இருப்பது வேண்டாம். மார்பிலும் முதுகிலும் வலை, தோளிலும் முழங்கையிலும் கெட்டித் துணி என்று இருப்பதைத் தேடுங்கள். மழைக்கு, உள்ளே ஜிப் வைத்து மாட்டும் லைனருக்காகக் கூடுதல் பணம் தர வேண்டாம் என்பது என் கருத்து. உடம்பு நனையாது, சரி. ஆனால் வெளித்துணி தண்ணீரைக் குடித்துக் கனத்துப்போகும். ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவு ஏறி வால்பாறை போய்ச் சேர்வதற்குள் குளிர் எலும்பில் இறங்கிவிடும். மேலே போடும் சாதாரண மழைக்கோட்டு ஒன்று போதும்.

ஒரே துண்டாக வரும் லெதர் சூட் தள்ளுபடியில் கிடைக்கிறது என்று யாராவது கேட்டால், செட்டிபாளையம் கரி ஸ்பீட்வே போன்ற ரேஸ் டிராக்கில் ஓட்டப் போகிறீர்களா என்றுதான் திருப்பிக் கேட்பேன். குனிந்து ஓட்டுவதற்காக வெட்டித் தைத்த உடை அது. டீக்கடையில் இறங்கி நிமிர்ந்து நடப்பதே பாடாகிவிடும். ரோட்டுக்கு ஜாக்கெட்டும் பேண்ட்டும் தனித்தனியாக, இடுப்பில் இரண்டையும் ஜிப்பால் இணைக்கும்படி இருப்பதே நல்லது. விழுந்து சறுக்கும்போது ஜாக்கெட் மேலே சுருண்டு ஏறாமல் அந்த ஜிப்தான் பிடித்து நிறுத்தும்.

பேண்ட் என்றதும் முக்கால்வாசிப் பேர் 'ஜீன்ஸ் போதுங்க' என்கிறார்கள். போதாது. சாதாரண ஜீன்ஸ் தார் ரோட்டில் உரசினால் உடனே கிழிந்துவிடும், முட்டிக்கு அதில் பேடும் கிடையாது. பதினைந்தாயிரம் கையில் இருந்தால் ஜாக்கெட்டுக்குப் பாதிக்கு மேல் போகாதீர்கள். இந்தியத் தரமான ஐ.எஸ். 4151 முத்திரையுள்ள ஹெல்மெட்டுக்கு முதலில் எடுத்து வைத்துவிடுங்கள். விழும்போது முதலில் தரையில் ஊன்றுவது உள்ளங்கை, அதனால் கையுறையும் கட்டாயம். மணிக்கட்டுப் பட்டையை மாட்டியபின் விரல் நுனியைப் பிடித்து இழுத்துப் பாருங்கள், உருவிக்கொண்டு வந்தால் வேண்டாம். கணுக்கால் மூடும் ஷூ இல்லாமல் செருப்போடு கொல்லிமலைக்குக் கிளம்பாதீர்கள்.

பழைய ஜாக்கெட் வாங்குவதில் தவறில்லை, தோளிலும் முழங்கையிலும் உரசிய தடமோ புதிதாகப் போட்ட தையலோ இல்லாதவரை. துவைக்கும்போது பேட்களைக் கழற்றிவிட்டுக் கையால் அலசி நிழலில் உலர்த்துங்கள். திரும்ப மாட்டும்போது குழிந்த பக்கம் உடம்பைப் பார்த்து இருக்கிறதா என்று ஒருமுறை கை விட்டுத் தடவிப் பாருங்கள்.