சிங்கப்பூர் – நியூயார்க்: வான்வழித் தொலைவையும் பறக்கும் நேரத்தையும் விரிதாளில் கணக்கிடும் முறை

சாங்கியிலிருந்து நியூயார்க்கின் ஜான் எஃப். கென்னடி விமான நிலையத்துக்கு எத்தனை கிலோமீட்டர் என்று என் மகள் கேட்டதற்கு, இணையத்தில் தேடி விடை சொல்லியிருப்பேன். அந்த எண் எப்படி வருகிறது என்று அவள் அடுத்துக் கேட்டதால்தான் விரிதாளைத் திறக்க நேர்ந்தது.

முதலில், இரு நிலையங்களின் ஆயங்களையும் வரைபடச் செயலியிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். சாங்கி வடக்கு 1.36, கிழக்கு 103.99, கென்னடி வடக்கு 40.64, மேற்கு 73.78.

அடுத்து, இரண்டு அட்சரேகைகளின் சைன்களை ஒன்றோடொன்று பெருக்குங்கள். அவற்றின் கோசைன்களையும் தீர்க்கரேகை வேறுபாட்டின் கோசைனையும் தனியே பெருக்கி, இரண்டு விடைகளையும் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகையின் ஆர்க்கோசைனை பூமியின் சராசரி ஆரமாகிய 6,371ஆல் பெருக்கினால் கிலோமீட்டரில் தொலைவு கிடைக்கும். விரிதாள் கோணங்களை ரேடியனில்தான் எதிர்பார்க்கும் என்பதால், பாகைகளை முன்னதாகவே மாற்றிவிட வேண்டும்.

இதையெல்லாம் சரியாகச் செய்தும் எனக்குக் கிடைத்தது ஏறத்தாழ 5,320 கிலோமீட்டர். ஆறு மணி நேரத்தில் நியூயார்க் போய்ச் சேர முடியாது என்பது தெரிந்திருந்தும், சூத்திரத்தின் அடைப்புக்குறிகளையே திரும்பத் திரும்பச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் நான் உள்ளிட்டிருந்த எண்களை அப்படியே வரைபடத்தில் இட்டபோது, குறிமுள் கிர்கிஸ்தானில் ஓஷ் நகருக்குக் கிழக்கே மலைகளுக்கு நடுவில் போய் நின்றது. மேற்குத் தீர்க்கரேகைக்கு எதிர்க்குறி இட வேண்டும், 73.78 என்பதை −73.78 என்று மாற்றியதும் விடை ஏறத்தாழ 15,340 ஆயிற்று. பொதுவாக வெளியிடப்படும் எண் 15,349. பூமி துருவங்களில் சற்றே தட்டையாக இருப்பதை நம் சூத்திரம் கணக்கில் கொள்ளாததே இந்தச் சிறு வேறுபாட்டுக்குக் காரணம்.

இரண்டு ஊர்ப்பெயர்களைக் கொடுத்தவுடன் விடை சொல்லும் இணையக் கணிப்பான்களை நான் பரிந்துரைப்பதில்லை, ஏனெனில் தவறு நேர்ந்தால் அது எங்கே நேர்ந்தது என்பதை அவை காட்டுவதில்லை. சரிபார்ப்பதற்கு ஓர் உலக உருண்டையும் ஒரு நூலும் போதும். நூலை இழுத்துப் பிடித்தால் அது வட துருவத்தை ஏறக்குறைய உரசிக்கொண்டு செல்வதைக் காணலாம். சுவர் வரைபடத்தில் அளவுகோல் வைத்துப் பார்ப்பவருக்கு இது ஒருபோதும் புலப்படாது.

நேரத்துக்கு, தொலைவை 900ஆல் வகுத்து, ஏறவும் இறங்கவும் அரை மணி சேர்த்தால் 17½ மணி வருகிறது. உண்மைப் பயணமோ 18½ முதல் 19 மணி வரை ஆகிறது. விமானிகள் மிகக் குறுகிய கோட்டைவிட சாதகமான காற்றுள்ள பாதையையே பெரும்பாலும் நாடுவதால், விமானம் பசிபிக் வழியாகச் சுற்றிச் செல்லும்போது கிலோமீட்டர் கூடினாலும் மேலடுக்குக் காற்று பின்னாலிருந்து தள்ளிக்கொண்டுபோகும்.

பின்சேர்ப்பு: பயணச்சீட்டைப் பார்த்தால் ஆறரை மணி நேரம்தானே வருகிறது என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். சீட்டில் இருப்பவை அந்தந்த ஊர் நேரங்கள். கோடையில் சிங்கப்பூர் நியூயார்க்கைவிட 12 மணி முன்னே இருப்பதால், நண்பகல் 12 மணிக்குப் புறப்பட்டு அதே நாள் மாலை 6.30க்கு இறங்குவது பதினெட்டரை மணி நேரப் பயணம்தான். நவம்பர் முதல் ஞாயிறு முதல் மார்ச் இரண்டாம் ஞாயிறு வரை வேறுபாடு 13 மணியாகிவிடும் என்பதால், விரிதாளில் பயணத் தேதிக்கும் ஒரு கலம் ஒதுக்கிவையுங்கள்.