ரீலோட் செய்த தோட்டா: பெட்டியில் அடுக்கும் முன் நான் பார்ப்பவை

ரீலோட் என்பது, சுட்டு முடித்த கேஸில் (பித்தளைக் கூடு) புது பிரைமர் (அடியில் தீப்பொறி தரும் சிறு மூடி), பவுடர் (வெடிமருந்து), குண்டு வைத்து மறுபடி தோட்டா செய்வது. அதற்கான கைப்பிடி இயந்திரமான பிரஸ்ஸை மேசையில் எப்படிப் பொருத்துவது, அதில் திருகும் அச்சான டையை எவ்வளவு முடுக்குவது என்பதெல்லாம் பிரஸ்ஸோடு வரும் தாளிலேயே இருக்கிறது. வீட்டில் ரீலோட் செய்ய உங்கள் நாட்டுச் சட்டம் விடுகிறதா என்பதையும் பார்த்து முடித்திருப்பீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். இங்கே 9 எம்எம் தோட்டாவுக்கு நான் செய்யும் சோதனைகள் மட்டும், செய்யும் வரிசையில். பவுடர் அளவு எதுவும் தரமாட்டேன். அதை அச்சிட்ட லோடு கையேட்டில்தான் (எந்தக் குண்டுக்கு எவ்வளவு பவுடர் என்று சொல்லும் புத்தகம்) பார்க்க வேண்டும், அதுவும் தொடக்க அளவிலிருந்து.

படி 1: காலிக் கேஸ்

விளக்குக்குக் கீழே ஒவ்வொன்றாக உருட்டிப் பாருங்கள். வாயில் வெடிப்பு, அடியில் உப்பல் இருந்தால் தூக்கிப் போடுங்கள். பொறுக்கி வந்த கேஸ்களில் .380 (சற்றுக் குட்டையான வேறு தோட்டா வகை) கலந்திருக்கும். அது 17 மிமீ, நம்முடையது 19 மிமீ. கண் ஏமாந்துவிடும், அடியில் பொறித்திருப்பதைப் படியுங்கள். சில 9 எம்எம் கேஸ்களுக்கு உள்சுவரில் ஒரு படிக்கட்டு மாதிரி இருக்கும். உள்ளே இடம் குறைவு என்பதால் அதே பவுடருக்கு அழுத்தம் கூடிவிடும். டார்ச் அடித்தால் தெரியும். அதுவும் குப்பைக்குத்தான்.

படி 2: பிரைமர்

அடியை விரல் நுனியால் தடவுங்கள். பிரைமர் மயிரிழை அளவு உள்வாங்கியிருக்க வேண்டும். துருத்தியிருந்தால், சமமான கண்ணாடி மேல் நிற்க வைக்கும்போது கேஸ் ஆடும். பவுடர் போட்டு, குண்டு ஏற்றிய பிறகு துருத்தலைக் கண்டுபிடித்தால், அதை அழுத்திச் சரிசெய்யப் பார்க்காதீர்கள், வெடிக்கலாம். அந்தத் தோட்டாவை ஓரம் கட்டுங்கள்.

படி 3: பவுடர்

என்னைக் கவிழ்த்தது இந்த இடம்தான். ரீலோட் செய்யத் தொடங்கிய மூன்றாவது மாதம், பயிற்சித் தளத்தில் ஒரு தோட்டா ‘பொத்’ என்று மட்டும் சத்தம் போட்டது. ஸ்லைடு (சுட்டதும் தானாகப் பின்னால் போய் அடுத்ததை ஏற்றும் மேல்பகுதி) பின்னால் வரவில்லை. நான் கையால் இழுத்து அடுத்ததை ஏற்றிவிட்டேன். பக்கத்தில் நின்றவர் தோளைப் பிடித்து நிறுத்தினார். குழலைக் கழற்றிப் பார்த்தால், குண்டு பாதி வழியில் உட்கார்ந்திருக்கிறது! பவுடரே இல்லாவிட்டாலும் பிரைமர் மட்டுமே குண்டை அவ்வளவு தூரம் தள்ளிவிடும். அடுத்ததைச் சுட்டிருந்தால் குழல் உப்பியிருக்கும், இல்லை வெடித்திருக்கும். பவுடர் போடும்போது நடுவில் ஒரு போன் வந்தது, திரும்பி வந்து ஒரு கேஸைத் தாண்டிவிட்டேன்.

இதன் மறுபக்கம் இரட்டை அளவு. 9 எம்எம்முக்குப் போடும் பல பவுடர்கள் கேஸில் பாதியைக்கூட நிரப்பாது. இரண்டு தடவை விழுந்தாலும் வழியாது, குண்டும் அமைதியாக மேலே உட்கார்ந்துகொள்ளும். அதனால் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது: கையேட்டில் உள்ளவற்றில் பருமனான பவுடரை எடுங்கள், இரட்டை விழுந்தால் வழிந்து காட்டிக்கொடுக்கும். பிரஸ்ஸும் ஒற்றை நிலை (ஒரு இழுப்புக்கு ஒரு வேலை மட்டும் செய்வது) போதும். கைப்பிடியை இழுக்க இழுக்கத் தோட்டா கொட்டும் இயந்திரம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இப்போது என் முறை இது: ஐம்பது குழி உள்ள பலகையில் கேஸ்களை நிறுத்துகிறேன். பவுடர் போட்டபின், குண்டு எதையும் தொடும் முன், டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து வரிசை வரிசையாக எல்லாவற்றுக்குள்ளும் பார்க்கிறேன். எல்லாம் ஒரே மட்டத்தில் தெரிய வேண்டும். ஒன்று சந்தேகமாக இருந்தால் அதைக் கொட்டி மறுபடி நிறுக்கிறேன். நடுவில் யாராவது கூப்பிட்டால், பாதியில் விட்ட பலகை முழுவதையும் கொட்டிவிட்டு முதலிலிருந்து.

தராசு விஷயத்தில் நான் பழைய ஆள், கோல் தராசுதான். பவுடரை நிறுக்கும் அலகு கிரெயின், 1 கிரெயின் என்பது சுமார் 65 மில்லிகிராம்தான். மின்விசிறிக் காற்றுக்கே மின்னணுத் தராசின் எண் நகர்ந்துவிடும். எதை வைத்திருந்தாலும், தொடங்கும் முன்பும் பத்துப் பதினைந்துக்கு ஒருமுறையும் சோதனை எடைக்கல் வைத்துப் பாருங்கள். மேசையில் ஒரே ஒரு பவுடர் டப்பாதான் இருக்க வேண்டும். வேலை முடிந்ததும் மிச்சத்தை அதே டப்பாவில் திருப்பிக் கொட்டுங்கள். மறுநாள் அளந்து போடும் குடுவையில் பெயர் இல்லாமல் கிடக்கும் பவுடரை யாராலும் அடையாளம் சொல்ல முடியாது.

படி 4: குழலில் போட்டுப் பார்ப்பது

தோட்டா எதுவும் இல்லாத துப்பாக்கியின் குழலை மட்டும் கழற்றி, தோட்டாவை அதில் விடுங்கள். ‘டொக்’ என்று விழ வேண்டும், விரலால் சுற்றினால் சுழல வேண்டும், கவிழ்த்தால் தானாக வெளியே வர வேண்டும். மூன்றில் ஒன்று நடக்காவிட்டாலும் எங்கே இடிக்கிறது என்று தேட ஒரு வழி: தோட்டா முழுவதும் மார்க்கர் பேனாவால் கறுப்பாக்கி, குழலில் விட்டுச் சுற்றி எடுங்கள். மை குண்டில் உரசியிருந்தால், குண்டு நீளமாக நிற்கிறது, குழலுக்குள் வெட்டிய சுருள் வரிகளில் முட்டுகிறது. கேஸ் வாயில் உரசியிருந்தால், குண்டு நுழைவதற்காக விரித்த வாய் முழுவதும் மடங்கவில்லை. டேப்பர் கிரிம்ப் (அந்த வாயை மறுபடி உள்பக்கம் ஒடுக்குவது) கொஞ்சம் கூட வேண்டும். வாயின் வெளிவிட்டம் 9.65 மிமீயைத் தாண்டக்கூடாது. அடியில் உரசல் என்றால், சைசிங் டை (கேஸைச் சுருக்கிப் பழைய அளவுக்குக் கொண்டுவரும் அச்சு) கீழே வரை இறங்கவில்லை.

முதல் காரணத்தில் ஒரு எச்சரிக்கை. குண்டை ஆழமாக இறக்கினால் பொருந்தும், ஆனால் அழுத்தமும் ஏறும். கையேட்டில் சொன்ன நீளத்தைவிடக் குறைந்தால் பவுடரையும் தொடக்க அளவுக்கு இறக்க வேண்டும். 29.69 மிமீ என்று போட்டிருப்பது உச்ச நீளம்தான், உங்கள் குழலுக்கு அது பொருந்தும் என்று அர்த்தமில்லை.

படி 5: அழுத்திப் பார்த்தல்

காலிப்பரில் நீளத்தை அளந்துவிட்டு, குண்டின் முனையை மேசை மரத்தில் வைத்துக் கட்டை விரலால் அழுத்துங்கள். மறுபடி அளக்கும்போது அதே நீளம் வர வேண்டும். குறைந்திருந்தால் கேஸ் குண்டை இறுகப் பிடிக்கவில்லை. துப்பாக்கிக்குள் ஏறும்போது அது உள்ளே போய்விடும். கிரிம்பை இறுக்கினால் சரியாகிவிடும் என்று நினைத்திருந்தேன், இல்லை. பிடி வருவது சைசிங் டையிலிருந்தும், வாயை அளவாக விரிப்பதிலிருந்தும்தான்.

தேறாதவற்றைப் பிரிக்க, சுத்தியல் மாதிரி இருக்கும் புல்லர் (கேஸிலிருந்து குண்டைக் கழற்றும் கருவி) போதும். தேறியவற்றுக்குச் சீட்டு ஒட்டுங்கள்: தேதி, குண்டு, பவுடர், எடை, பிரைமர், நீளம்.

பிற்சேர்க்கை: .45 என்ற பெரிய தோட்டா வகைக்கும் இதே வரிசையா என்று சிலர் கேட்டார்கள். ஆமாம், ஆனால் அதில் கேஸ்கள் பெரிய பிரைமர், சிறிய பிரைமர் என்று இரண்டு வகையாக வரும். கலந்துவிட்டால் பிரைமர் போடும் நிலையில் கைப்பிடி திடீரென்று முட்டி நிற்கும். அப்போது பலமாக அழுத்தாதீர்கள், கேஸை எடுத்துப் பாருங்கள்.

இன்னொன்று, கேஸ்களை உலர்வாகச் சுத்தம் செய்யும் இயந்திரத்தின் தூசியில் பிரைமரிலிருந்து வந்த ஈயம் இருக்கும். மூடியை வெளியே போய்த் திறங்கள், கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் வாய்ப்பக்கம் கொண்டுபோகாதீர்கள்.